கடைமடைப் பள்ளிக்கும் முறை வேண்டும்

மதுரை மாவட்டப் பள்ளிக் கல்வி அலுவலர்களுக்கும், சென்னையில் அமர்ந்து திட்டம் வகுப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம்.

அரசுப் பள்ளியில் படிக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கண்டெடுக்க நம் மாநிலத்தில் தேர்வுகளுக்குக் குறைவில்லை. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு. ஆசிரியர்கள் வாயில் அது என்.எம்.எம்.எஸ். ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. பத்து, பதினொன்றாம் வகுப்புகளில் முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வும், தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வும். இவை போதாதென்று, தேர்ந்தெடுத்த பிள்ளைகளைத் தங்க வைத்துப் படிக்க வைக்கும் மாதிரிப் பள்ளி 38 மாவட்டங்களிலும். உசிலம்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளிகளில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். இந்தத் தேர்வுகளுக்குச் சனிக்கிழமைகளில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்த ஆசிரியர்களில் ஒருவன். ஆகவே இந்தத் திட்டங்களுக்கு எதிரியாக நின்று எழுதவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு நீங்கள் செய்வதில் எனக்குப் பெரிய குறை ஒன்றும் கிடையாது. எந்தப் பிள்ளை தேர்ந்தெடுக்கப்படுகிறது, அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் வழக்கு.

பணத்தின் மதிப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். நகரத்தில் இருப்பவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் சிரிப்பாக இருக்கலாம். என்.எம்.எம்.எஸ். தேர்வில் வென்ற பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வருகிறது. 2017 வரை அது 6,000 ரூபாயாக இருந்தது. செல்லம்பட்டி, சேடபட்டி ஒன்றியங்களில் பத்தாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளையை நூற்பாலைக்கு அனுப்பலாமா என்று வீட்டில் பேச்சு எழும்போது, வங்கிக் கணக்கில் வந்து விழும் அந்த ஆயிரம் ரூபாய் அம்மாவின் பக்கம் நின்று பேசும். முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வில் தேறும் 500 மாணவர்களுக்கும் 500 மாணவிகளுக்கும் பட்டப்படிப்பு முடியும்வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். இதெல்லாம் சிறிய காரியம் அன்று. ஊரகத் திறனாய்வுத் தேர்வு மட்டும் இன்னும் ஆண்டுக்கு 1,000 ரூபாயிலேயே நிற்கிறது. மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு. வழிகாட்டி நூல் இரண்டு வாங்கினால் தீர்ந்துவிடும் தொகை. அதைப் பற்றி வேறொரு மடல்தான் எழுத வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு என்.எம்.எம்.எஸ். இடங்கள் 6,695. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் படிக்கும், ஏழாம் வகுப்பில் போதிய மதிப்பெண் பெற்ற எந்தப் பிள்ளையும் எழுதலாம் என்பது விதி. விதி அப்படித்தான் சொல்கிறது. நடப்பதைப் பாருங்கள்.

சுற்றறிக்கை வருகிறது. எழுத்தர் இல்லாத நடுநிலைப் பள்ளியில் அதைப் பார்ப்பவர் தலைமையாசிரியர். அவரே ஐந்தாம் வகுப்புக்கும் பாடம் நடத்துபவராக இருப்பார். விண்ணப்பத்தைப் பதிவிறக்கி, நிரப்பி, புகைப்படம் ஒட்டி, தலைக்கு 50 ரூபாய் கட்டணம் வாங்கி, மறுபடியும் இணையத்தில் ஏற்ற வேண்டும். ஆதாரில் ஒரு எழுத்து, பள்ளிப் பதிவேட்டில் ஒரு எழுத்து. ஊரகத் தேர்வு என்றால் வருமானச் சான்றும் விண்ணப்பத்தோடே வேண்டும். அதற்காக அம்மா நூறு நாள் வேலையையோ களையெடுப்பையோ ஒரு நாள் விட்டுவிட்டு இ-சேவை மையத்துக்குப் போக வேண்டும். சர்வர் வேலை செய்யவில்லை என்றால் இன்னொரு நாள். இத்தனையையும் நினைத்துப் பார்க்கும் தலைமையாசிரியர் என்ன செய்வார்? வகுப்பில் உள்ள எல்லோருக்கும் நிரப்ப மாட்டார். "நன்றாகப் படிக்கிற ஐந்தாறு பேர் பெயரைக் கொடுங்கள்" என்று வகுப்பாசிரியரிடம் கேட்பார். மாவட்டத்தின் திறன் தேடல் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. தேர்வு நடப்பது அதற்குப் பிறகு.

அந்த ஐந்தாறு பேர் யார்? கையெழுத்து அழகாக இருக்கும் பிள்ளை. காலை வணக்கக் கூட்டத்தில் திருக்குறள் சொல்லும் பிள்ளை. விடுப்பு எடுக்காத பிள்ளை. பெற்றோர் பள்ளிக்கு வந்து ஆசிரியரிடம் நாலு வார்த்தை பேசும் வீட்டுப் பிள்ளை. இவர்களில் பலர் கெட்டிக்காரர்களே, அதை மறுக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் பள்ளிக்கு வராத ஒரு பையன் எங்கள் வகுப்பில் இருந்தான். திருமங்கலம் ஆட்டுச் சந்தைக்கு அப்பாவோடு போவான். ஆட்டைத் தூக்கிப் பார்த்து, எத்தனை கிலோ கறி தேறும், தோலுக்கும் தலைக்கும் என்ன போகும், வண்டி வாடகை கழித்தால் கையில் எவ்வளவு நிற்கும் என்று வியாபாரி வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிடுவான் என்று அவன் அப்பா பெருமையாகச் சொல்வார். விகிதமும் சதவீதமும் அவனுக்குப் பாடமாக வருவதற்கு முன்பே பழக்கமாக வந்திருந்தன. பட்டியலில் அவன் பெயர் கிடையாது. வருகைப் பதிவேட்டில் அத்தனை வெள்ளிக்கிழமைகளிலும் 'வ' விழாத பையனை எந்த வகுப்பாசிரியர் பரிந்துரைப்பார்? அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஐந்து பெயர் கேட்டால் ஐந்து பெயர்தான் கொடுக்க முடியும்.

இது மதுரைக்கு மட்டும் உரிய நோய் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தின் பிரவார்டு கவுண்டியில், மீத்திறன் மாணவர்களுக்கான சிறப்பு வகுப்புகளுக்குப் பிள்ளைகளை நெடுங்காலம் பெற்றோரும் ஆசிரியர்களும்தான் பரிந்துரைத்து வந்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளும் கறுப்பின, லத்தீன் வீட்டுப் பிள்ளைகளும் அந்த வகுப்புகளில் மிகக் குறைவாகவே இருந்தார்கள். 2005-இல் ஒரு மாற்றம் செய்தார்கள்: இரண்டாம் வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும், யாரும் விண்ணப்பிக்காமல், மொழியறிவை அதிகம் சார்ந்திராத ஒரு முதல்கட்டத் தேர்வு. அதில் தேறியவர்களுக்கு மட்டும் அடுத்த கட்டம். டேவிட் கார்டு, லாரா ஜூலியானோ என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அதன் விளைவை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். ஏழைப் பிள்ளைகளும் சிறுபான்மையினப் பிள்ளைகளும் தேர்வாகும் எண்ணிக்கை வெகுவாகக் கூடியிருந்தது. தகுதிக்கான அளவுகோலை இதற்காக யாரும் தளர்த்தவில்லை. அந்தப் பிள்ளைகள் முன்பும் அதே வகுப்பறைகளில்தான் இருந்தார்கள். யாரும் அவர்கள் பெயரை எழுதிக் கொடுக்கவில்லை, அவ்வளவே. பிற்பாடு நிதி நெருக்கடி என்று சொல்லி எல்லோருக்குமான அந்த முதல்கட்டத் தேர்வைக் கைவிட்டபோது எண்ணிக்கை பழையபடி விழுந்தது. எனக்கு இந்தக் கதையின் இரண்டாம் பாதிதான் முக்கியமாகப் படுகிறது. பழைய வழக்கம் எவ்வளவு சுலபமாகத் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறது பாருங்கள்.

சரி, விண்ணப்பம் போட்டாயிற்று, பிள்ளை தேர்வு மையத்துக்கும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 90 மதிப்பெண்ணுக்கு மனத்திறன் தேர்வு, 90 மதிப்பெண்ணுக்குப் படிப்பறிவுத் தேர்வு. மனத்திறன் தாளில் எண் தொடர், கடிகார முள்ளுக்கு இடையிலுள்ள கோணம், கண்ணாடியில் தெரியும் உருவம், "அவளுடைய தந்தையின் ஒரே மகனுக்கு இவர் என்ன உறவு" என்பன போன்ற கேள்விகள். இவை பிறவிக் கூர்மையை அளப்பதாகப் பெயர். கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இவற்றில் பெரும்பகுதி பழக்கம். எந்த வகைக் கேள்விக்கு எந்த உத்தி என்று யாராவது ஒருவர் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் சுமாரான பிள்ளையும் மூன்று மாதத்தில் தேறும். சொல்லித் தர ஆள் இல்லாவிட்டால் மிகக் கூர்மையான பிள்ளையும் முதல் பத்துக் கேள்வியிலேயே நேரத்தைத் தொலைத்துவிடும். ஆண்டுதோறும் ஒரு சில பள்ளிகளிலிருந்து மட்டும் கொத்துக் கொத்தாகப் பிள்ளைகள் வெற்றி பெறும் செய்தியைப் படிக்கிறீர்களே, அந்த ஊர்க் குழந்தைகள் மட்டும் தனி மூளையோடு பிறக்கவில்லை. அங்கே ஒரு ஆசிரியர், தன் சனிக்கிழமையையும் தன் சட்டைப்பைக் காசையும் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் இடமாறுதலில் போனால் அந்தப் பள்ளியின் 'திறமை'யும் அதே பேருந்தில் ஏறிப் போய்விடும்.

இந்த வாதம் உங்களுக்குப் புதிதாக இருக்காது. நம் மாநிலமே இதைத்தான் டெல்லியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது. 2006-இல் சட்டம் இயற்றித் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை ஒழித்தோம். நீட் தேர்வின் தாக்கத்தை ஆராய நீதிபதி ஏ.கே.ராஜன் குழுவை 2021-இல் அமைத்தோம். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவர்களுக்கே அந்தத் தேர்வு சாதகம், கிராமத்துப் பிள்ளைக்கும் தமிழ்வழிப் பிள்ளைக்கும் அது கதவை அடைக்கிறது என்று சொன்னோம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை 2020-இல் கொண்டுவந்ததற்கும் அதுவே அடிப்படை. ஒரே நாளில் நடக்கும் ஒரே தேர்வு, பிள்ளையின் திறமையோடு சேர்த்து அவன் வாழ்க்கை வசதியையும் அளந்துவிடுகிறது என்பதை 17 வயதுப் பிள்ளைக்காக இவ்வளவு உரக்கப் பேசுகிற அதே அரசு, 13 வயதுப் பிள்ளைக்கு அதே பாணியில் தேர்வு வைத்து, "இவன் திறமைசாலி, இவன் அல்லன்" என்று பிரிக்கும்போது மட்டும் ஏன் மறந்துவிடுகிறது? மூத்த பிள்ளைக்குச் சொன்ன நியாயம் இளைய பிள்ளைக்கும் பொருந்த வேண்டும்.

கெட்டிக்காரர்களைப் பட்டியல் போடுவதில் பெரிய பெரிய ஆட்களே சறுக்கியிருக்கிறார்கள். 1921-இல் அமெரிக்க உளவியலறிஞர் லூயிஸ் டெர்மன் கலிபோர்னியாவில் மேதைக் குழந்தைகளைத் தேடி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தேர்ந்தெடுத்தார். அவருடைய அளவுகோலுக்கு எட்டாமல் விடுபட்ட சிறுவர்களில் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரஸ் என்று இருவர் இருந்தார்கள். இருவரும் பிற்காலத்தில் இயற்பியலில் நோபல் பரிசு பெற்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட குழந்தைகளில் ஒருவருக்கும் அது கிடைக்கவில்லை.

நகரத்துப் பிள்ளைகளைப் பற்றி ஒரு செய்தி. ஊரகத் திறனாய்வுத் தேர்வை ஊராட்சி, பேரூராட்சிப் பகுதிப் பள்ளிகளின் மாணவர்கள்தான் எழுத முடியும். மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். நல்ல எண்ணத்தில் போட்ட வேலிதான். ஆனால் 2011-இல் மதுரை மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தபோது, கண்ணனேந்தல், உத்தங்குடி போன்ற ஊராட்சிகள் ஒரே நாளில் நகரமாகிவிட்டன. வீடு மாறவில்லை, கூலி மாறவில்லை, பள்ளிக் கட்டடம் மாறவில்லை. பிள்ளையின் தகுதி மட்டும் போயிற்று. நகரத்துக்குள்ளே மட்டும் என்ன வாழ்கிறது? வெள்ளிவீதியார், பொன்முடியார், காக்கைப்பாடினியார் என்று சங்கப் பெண்பாற் புலவர்களின் பெயரைத் தாங்கி நிற்கும் நம் மாநகராட்சிப் பெண்கள் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் வீட்டைப் போய்ப் பாருங்கள். அப்பா சுமை தூக்குவார். அம்மா இரண்டு மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்ப்பார். ஊரகம் என்ற வார்த்தைக்கு வெளியே இருப்பதாலேயே அவர்கள் வசதி படைத்தவர்கள் ஆகிவிட மாட்டார்கள். இன்னொரு சிக்கலும் நம் மாவட்டத்தில் உண்டு. பள்ளிக் கல்வித் துறைப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்று அரசுப் பள்ளியிலேயே நான்கு நிர்வாகங்கள். ஒரு சுற்றறிக்கை நான்கு வாய்க்கால்களில் ஓடி நான்கு வேறு நாள்களில் போய்ச் சேர்கிறது. சில இடங்களில் கடைசித் தேதிக்கு முந்தின நாள்தான்.

மாதிரிப் பள்ளிக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு இரண்டு மனது.

ஒன்பது முதல் பன்னிரண்டு வரை உணவும் உறைவிடமும் கொடுத்து, கூலித் தொழிலாளியின் பிள்ளையை ஐ.ஐ.டி. வாசல்வரை கொண்டுபோய் விட்டிருக்கிறீர்கள். அந்தப் பெற்றோரின் முகத்தைப் பார்த்தவர்கள் எவரும் அந்தப் பள்ளியை மூடு என்று சொல்ல மாட்டார்கள். மத்திய அரசின் உறைவிடப் பள்ளியான நவோதயா இல்லாத மாநிலம் நம்முடையது. மும்மொழிச் சிக்கலில் அது வேண்டாம் என்றோம். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை வழக்கும் நடந்தது. வேண்டாம் என்றதோடு நிற்காமல் நாமே ஒன்றைக் கட்டியிருக்கிறோம் என்பதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் நவோதயாவில் ஒரு விதி எழுதியே இருக்கிறது: மாவட்டத்தின் இடங்களில் குறைந்தது 75 சதவீதம் கிராமப் பகுதிப் பிள்ளைகளுக்கு, மூன்றில் ஒரு பங்காவது பெண்பிள்ளைகளுக்கு. எவ்வளவு குறை இருந்தாலும் விதி தாளில் இருக்கிறது, யாரும் எடுத்துக்காட்டிக் கேள்வி கேட்கலாம். நம் மாதிரிப் பள்ளிக்கு எந்த ஒன்றியத்திலிருந்து எத்தனை பேர், எந்த அடிப்படையில் என்பதையும் அதேபோல் ஒரு சாதாரணப் பெற்றோர் கையில் எடுத்துப் படிக்கும்படி அச்சிட்டுக் கொடுங்கள்.

அடுத்தது, மாதிரிப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிய பள்ளியின் நிலை. ஒரு சிறிய உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் நன்றாகக் கணக்குப் போடும் பிள்ளைகள் மூன்று பேர் இருப்பார்கள். மற்றவர்களுக்குப் புரியாததை ஆசிரியரைவிட அவர்கள்தான் நன்றாக விளக்குவார்கள். அந்த மூவரும் போய்விட்டால் வகுப்பில் கேள்வி கேட்கும் குரலே இல்லாமல் போகிறது. பத்தாம் வகுப்பு முடிவு வரும்போது "உங்கள் பள்ளியில் ஏன் நூற்றுக்கு நூறு இல்லை" என்று ஆய்வுக் கூட்டத்தில் தலைமையாசிரியரை நிற்க வைத்துக் கேட்கிறீர்கள். ஆகவே சில தலைமையாசிரியர்கள் நல்ல பிள்ளையிடம் மாதிரிப் பள்ளியைப் பற்றி வாய் திறப்பதே இல்லை. தவறுதான். ஆனால் அந்தத் தவறுக்குப் பரிசு கொடுப்பது உங்கள் ஆய்வுக் கூட்டம். பிள்ளையை அனுப்பிய பள்ளியின் கணக்கில் அந்தப் பிள்ளையின் பிற்கால வெற்றியையும் சேர்த்துக் காட்டுங்கள். ஒளித்து வைக்கும் வழக்கம் தானாக நின்றுவிடும். பிள்ளைகளைப் போலவே நல்ல ஆசிரியரையும் பக்கத்து அரசுப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறீர்கள். அவர் விட்டுவிட்டுப் போன வகுப்புக்கு ஆள் வருவதற்குள் அரையாண்டுத் தேர்வே வந்துவிடுகிறது.

7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் இதற்கும் ஒரு முடிச்சு இருக்கிறது. மாதிரிப் பள்ளியும் அரசுப் பள்ளிதான். அங்கே படித்தவர்களும் அதே ஒதுக்கீட்டில் வருகிறார்கள். சிறப்புப் பயிற்சி பெறும் பிள்ளையும், வேதியியல் ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கும் பள்ளிப் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பயிற்சியால் வரும் ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யக் கொண்டுவந்த ஒதுக்கீட்டுக்கு உள்ளேயே இன்னொரு ஏற்றத்தாழ்வு முளைத்திருக்கிறதா? அந்த இடங்கள் எந்தெந்தப் பள்ளிக்குப் போகின்றன என்ற பட்டியல் உங்களிடம் இருக்கும். வெளியிட்டால் ஊரார் தாமே படித்துக்கொள்வார்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும். பதினான்கு வயதுப் பெண்ணை விடுதிக்கு அனுப்ப மறுக்கும் வீடுகள் நம் பக்கத்தில் இன்னும் ஏராளம். அந்தப் பெண்ணுக்கு மாதிரிப் பள்ளியின் கதவு திறந்திருந்தும் மூடியதுதான். விடுதிக்குப் போனால்தான் நல்ல கல்வி என்ற நிபந்தனையை வைத்துக்கொண்டு, அவள் வரவில்லையே என்று வருத்தப்பட்டுப் பயனில்லை.

இப்போது எதிர்ப்பக்கம். "தேர்ந்தெடுப்பதே அநீதி, எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்" என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. ஆசிரியர் இயக்கத்தில் என்னோடு நின்றவர்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று நம் சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதற்கட்டமாக 1,545 பள்ளிகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அங்கே எந்தப் பிள்ளைக்கு அதிகப் பசி என்று யாரும் தேர்வு வைக்கவில்லை. இட்ட பந்தியில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். கல்வியிலும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஒரு பிள்ளை, வகுப்பு ஒரு கணக்கை எழுதி முடிப்பதற்குள் ஐந்தைப் போட்டுவிட்டு ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றால், அதற்கும் ஏதாவது கொடுக்க வேண்டிய கடமை பள்ளிக்கு உண்டு. எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைக்கு 'எண்ணும் எழுத்தும்' கொண்டுவந்தோம். விரைந்து ஓடும் பிள்ளைக்கும் வயிறு ஒன்று உண்டல்லவா? அரசு இதைக் கைகழுவினால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததே. அழகர்கோவில் சாலையிலும் புறவழிச் சாலையிலும் ஒலிம்பியாட் வகுப்பு, பவுண்டேஷன் வகுப்பு, அபாகஸ் என்று பலகை தொங்குகிறது. கட்டணம் கட்டுபவர்களின் பிள்ளைகள் அங்கே போய்க்கொண்டுதான் இருப்பார்கள். நியூயார்க் நகரத்தில் நான்கு வயதுக் குழந்தைகளுக்குத் தேர்வு வைத்துச் சிறப்பு வகுப்பில் சேர்த்தார்கள். 2021-இல் ஒரு மேயர் அதை ஒழிக்கப் போவதாக அறிவித்தார். 2022-இல் அடுத்து வந்த மேயர் வகுப்புகளை விரிவாக்குவதாக அறிவித்தார். வைப்பதா எடுப்பதா என்ற இந்த இழுபறியில் பிள்ளைகளுக்கு ஒன்றும் நடப்பதில்லை. வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பங்கிடும் முறையை மாற்றுங்கள் என்பதே என் பக்கம்.

நம் பக்கத்து விவசாயிகளுக்கு இது விளக்கத் தேவையில்லாத விஷயம். பெரியாறு கால்வாயில் தண்ணீர் திறந்தால் தலைமடை வயல் தானாக நனையும். வாய்க்காலின் கடைசியில் இருக்கும் மேலூர்க் கடைமடைக்கு முறை வைத்து அடைத்துத் திறந்தால்தான் போய்ச் சேரும். மாவட்ட அளவில் ஒரே தரவரிசை போட்டு மேலிருந்து எடுத்தால், பயிற்சி இருக்கிற பள்ளிகளே ஆண்டுதோறும் நனையும்.

ஆகவே முதல் கோரிக்கை: விண்ணப்பத்தை ஒழியுங்கள். மதுரை மாவட்டத்தின் எல்லா அரசு, மாநகராட்சி, கள்ளர் சீரமைப்பு, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் எட்டாம் வகுப்பில் உள்ள ஒவ்வொரு பிள்ளையும், தன் பள்ளியில், தன் பெஞ்சில், வழக்கமான ஒரு பள்ளி நாளில் முதல்கட்டத் தேர்வை எழுதட்டும். வெள்ளிக்கிழமை வேண்டாம், முகூர்த்த நாளும் வேண்டாம், பூப்பறிக்கப் போகும் ஊர்கள் இருக்கின்றன. அன்று வராதவருக்கு அடுத்த வாரம் இன்னொரு நாள். கட்டணம் கூடாது. பெயர், பிறந்த தேதி, சாதி, பெற்றோர் விவரம் எல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் 'எமிஸ்' இணையதளத்தில் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கின்றன. அதை ஏற்றுவதற்குத்தானே எங்கள் பாதிப் பாடவேளை போயிற்று! கொஞ்சம் அதையும் பயன்படுத்துங்கள். வருமானச் சான்றைத் தேர்வில் வென்ற பிறகு கேட்டால் போதும்; ஆயிரக்கணக்கான தாய்மார்களின் ஒரு நாள் கூலி மிஞ்சும். என்.எம்.எம்.எஸ். மத்திய அரசின் திட்டம், விதியை மாற்ற உங்களால் முடியாது என்பீர்கள். மாற்ற வேண்டாம். முதல்கட்டத் தேர்வை மாவட்டமே நடத்தலாம். அதில் தேறிய எல்லோருக்கும் விண்ணப்பத்தைத் துறையே நிரப்பி, கட்டணத்தையும் துறையே கட்டலாம். கேள்வித்தாளும் வழிகாட்டி நூல் கேள்வித்தாளாக இருக்கக் கூடாது. கேள்விக்கு முன்பே உத்தியை விளக்கிவிட்டு, அதைப் புதிய இடத்தில் பிள்ளை எப்படிப் பயன்படுத்துகிறது என்று பார்க்கும் வகையில் தாள் அமைக்க நம்மிடம் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கூப்பிட்டால் ஓய்வு பெற்றவர்களும் வருவோம்.

இரண்டாவது, மாதிரிப் பள்ளி இடங்களைப் பிரியுங்கள். 13 ஊராட்சி ஒன்றியங்களுக்கும் மாநகராட்சிக்கும் பங்கு வைத்து, ஒரு ஒன்றியத்துக்குள்ளும் ஒரே பள்ளி அள்ளிக்கொள்ளாதபடி வரம்பு வையுங்கள். கொட்டாம்பட்டிப் பிள்ளை தன் பள்ளியின் முதல் மாணவி என்பது, மாவட்டத் தரவரிசையில் அவள் எத்தனையாவது என்பதைவிட அவளைப் பற்றி எனக்கு அதிகம் சொல்கிறது. அவளுக்குக் கிடைத்ததை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்தாள் என்று அது சொல்கிறது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 1997-இல் இப்படித்தான் சட்டம் கொண்டுவந்தார்கள்: எந்த ஊர்ப் பள்ளியானாலும் அதன் முதல் பத்து சதவீத மாணவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம். தரம் குறைந்துவிடும் என்று சொல்பவர்கள், தரம் என்று எதை அளக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் மேலே எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது கோரிக்கைக்குக் காசு செலவாகும். மாதிரிப் பள்ளிக்குப் போகாத, போக முடியாத பிள்ளைக்கும் அங்கே கிடைப்பதில் ஒரு பகுதியாவது ஒன்றியத்திலேயே கிடைக்க வேண்டும். ஒன்றியத்துக்கு ஒரு மேல்நிலைப் பள்ளியில் சனிக்கிழமை மையம்: கணிதம், அறிவியல் சோதனை, வாசிப்பு. விரும்பி வரும் எந்தப் பிள்ளைக்கும் இடம், தேர்வு கிடையாது. 'வானவில் மன்றம்' 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு அறிவியல் சோதனைகளைப் பள்ளிக்கே கொண்டுபோகிறது. அதை ஒன்பது, பத்து வகுப்புகளுக்கு இழுத்தால் பாதி வேலை முடிந்தது. சனிக்கிழமை வேலை செய்யும் ஆசிரியருக்கு ஈடுசெய் விடுப்பும் பயணப்படியும் கொடுங்கள். தியாகத்தை நம்பி ஒரு திட்டத்தை நடத்தக் கூடாது. புது நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குச் சேடபட்டிப் பிள்ளைகளை மாதம் ஒருமுறை அழைத்துவர ஒரு பேருந்து கேட்டால் அது பேராசை ஆகாது என்று நினைக்கிறேன்.

உள்ளே நுழையும் வாசலைப் பதின்மூன்று வயதோடு மூடிவிடாதீர்கள். மெதுவாக மலரும் பிள்ளைகள் உண்டு. பத்தாம் வகுப்பில்தான் கணக்கு பிடிபட்டவர்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதேபோல் விடுதி ஒத்துக்கொள்ளாமல் ஊர் திரும்பும் பிள்ளையைத் தோற்றவனாக நடத்தாமல், பழைய பள்ளியில் அதே உதவித்தொகையோடு சேர்த்துக்கொள்ள வழி வேண்டும்.

கடைசியாக, கணக்கு. பள்ளிவாரியாக எத்தனை பேர் எட்டாம் வகுப்பில் இருந்தார்கள், எத்தனை பேர் ஒவ்வொரு தேர்வையும் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள், மாதிரிப் பள்ளிக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று பெயர் இல்லாமல் எண்ணிக்கை மட்டும் போட்டு ஒரு பட்டியல். எழுதியவர் எண்ணிக்கை பூஜ்யம் என்று இருக்கும் பள்ளிகள்தான் எனக்கு வேண்டும். தேறியவர்களின் படத்தைப் போட்டு வைக்கும் பலகையில், எழுதாதவர்களுக்கும் ஒரு வரி இடம் இருக்கட்டும்.

அரையாண்டு விடுமுறைக்கு முன் அந்தப் பட்டியலை வெளியிட்டால், ஜனவரி 26 கிராம சபைக் கூட்டத்திலும் அடுத்து வரும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் பெற்றோர் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேச வசதியாக இருக்கும். முதல்கட்டத் தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரிக்கும் பணிக்கு எங்கள் வட்டத்தில் ஓய்வு பெற்ற கணித, அறிவியல் ஆசிரியர்கள் சிலர் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறோம். எந்த நாளில், எந்த அலுவலகத்துக்கு வர வேண்டும் என்று மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற கணிதப் பட்டதாரி ஆசிரியர்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.